கராஜ் வாசல்: தகடு இல்லாத கியர்பொக்ஸ்

பழைய லொறிகள், உழவு இயந்திரங்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு மாங்குளத்தில் கராஜ் வைத்திருக்கும் மூத்த மெக்கானிக் ஒருவர் பதில் எழுதும் பகுதி. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கியர்பொக்ஸ் பற்றியவை.

கேள்வி: மாமா வைத்திருந்த பழைய டாட்டா லொறியைத் திருத்தி ஓட்ட நினைக்கிறேன். கியர்பொக்ஸில் மாதிரி எண் எழுதிய தகடு இல்லை. முதல் கியரில் பற்கள் உடைந்திருக்கின்றன. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் விசாரித்தால் "என்ன விகிதம்?" என்று கேட்கிறார்கள். ஒரு மெக்கானிக் இது டாட்டாவின் சொந்தப் பெட்டி என்கிறார். இன்னொருவர் லேலண்டிலிருந்து கழற்றிப் போட்டது என்கிறார். மேல்மூடியைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். மேலே உள்ள ஷாப்டில் முதல் கியருக்கு 44 பல், கீழே உள்ளதில் 13. இரண்டாவதுக்கு 38, 21. மூன்றாவதுக்கு 32, 28. நான்காவதுக்கு 25, 36. ஐந்தாவதுக்குச் சோடியே இல்லை! முன்னால் உள்ள சோடியில் கீழ்ச் சக்கரத்துக்கு 42 பல். மேலே உள்ளது பேரிங் வீட்டுக்குள் மறைந்திருப்பதால் எண்ண முடியவில்லை. இனி என்ன செய்வது?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: தம்பி, உமது கடிதத்தைப் படித்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "கியர்பொக்ஸின் படம் அனுப்புகிறேன், விகிதம் சொல்லுங்கள்" என்று எழுதுபவர்கள்தான் அதிகம். நீர் மூடியைத் திறந்து எண்ணியிருக்கிறீர். வேலையில் முக்கால்வாசி முடிந்துவிட்டது.

முதலில் டாட்டாவா லேலண்டா என்ற சண்டையை ஒதுக்கி வையும். வன்னியில் ஓடும் பழைய லொறிகளில் எது எதிலிருந்து வந்தது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் உதிரிப்பாகம் இங்கே வந்து சேருவதே பெரும்பாடு. கிடைத்ததைக் கடைந்து, ஒட்டி, புஷ் அடித்துப் பொருத்தினோம். 2002இல் ஏ9 திறந்தபோது தெற்கிலிருந்து பழைய பெட்டிகள் வந்தன. 2006இல் வீதி மறுபடி மூடப்பட்டது. 2009க்குப் பிறகு கடற்கரைப் பக்கம் குவிந்து கிடந்த வாகனங்களிலிருந்து கழற்றப்பட்டவை வேறு. எரிந்த வண்டியின் பெட்டியில் அலுமினியத் தகடு மிஞ்சியிருக்காது. மிஞ்சிய தகட்டையும் பெயின்ட் அடிப்பவர் கழற்றி எறிந்திருப்பார்.

தகடு இருந்தாலும்கூட அது வெளிக்கூட்டின் பிறப்புச் சான்றிதழ்தான். உள்ளே இருக்கும் பற்களுக்கு அது பொறுப்பில்லை. ஒரே கூட்டுக்குள் இரண்டு மூன்று விதமான பற்தொகுதிகளைக் கொம்பனிக்காரனே போட்டு விற்றிருக்கிறான். வார்ப்பு இரும்பில் புடைத்து நிற்கும் பெரிய எண்ணைப் பார்த்து விகிதம் சொல்பவரை நம்ப வேண்டாம்; அது கூட்டை வார்த்தபோது வைத்த எண்.

இனிக் கணக்கு. விகிதம் என்பது பெட்டியிலிருந்து வெளியேறும் ஷாப்ட் ஒரு தடவை சுற்ற எஞ்சின் எத்தனை தடவை சுற்ற வேண்டும் என்பது. உமது பெட்டியில் எஞ்சினின் சுழற்சி இரண்டு படியாக இறங்குகிறது. எஞ்சினிலிருந்து வரும் ஷாப்டின் சிறு சக்கரம் கீழே உள்ள கவுண்டர் ஷாப்டைச் சுற்றுகிறது. அது முதற்படி, எல்லாக் கியருக்கும் பொது. பிறகு கவுண்டர் ஷாப்டிலிருந்து மேலே உள்ள மெயின் ஷாப்டுக்கு ஏறுகிறது. அது இரண்டாம் படி. கியருக்குக் கியர் மாறும். ஒவ்வொரு படியிலும் சுற்றப்படும் சக்கரத்தின் பல்லைச் சுற்றும் சக்கரத்தின் பல்லால் வகுத்து, இரண்டையும் பெருக்கினால் விகிதம் வந்துவிடும். உமக்குத் தடையாக இருப்பது முதற்படியின் மறைந்த சக்கரம் மட்டுமே.

அதற்காகப் பேரிங்கைக் கழற்ற வேண்டியதில்லை. லீவரை நியூட்ரலில் வையும். முன் ஷாப்டின் நுனியில் ஒரு சோக்குக் கோடு, கவுண்டர் ஷாப்டின் ஒரு பல்லில் ஒரு கோடு. முன் ஷாப்டைக் கையால் சுற்றிக்கொண்டே போய், கவுண்டர் ஷாப்ட் பத்துத் தடவை முழுதாகச் சுற்றி முடியும்வரை எண்ணும். பத்துச் சுற்று ஏன் என்றால், ஒரு சுற்றில் கண் பிழைக்கும் சிறு அளவு பத்துச் சுற்றில் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். முன் ஷாப்ட் 21 சுற்றில் நின்றால் மறைந்திருக்கும் சக்கரத்துக்கு 20 பல். 22 சுற்றும் சொற்பமும் என்றால் 19. 23 சுற்றும் அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கும் என்றால் 18. இடையில் வேறு விடை வர வழியில்லை, ஏனென்றால் சக்கரத்தில் அரைப் பல் வெட்ட முடியாது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கை அளவு கொஞ்சம் பிசகினாலும் பல்லின் எண்ணிக்கை உம்மைச் சரியான எண்ணுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

நீர் தந்த மற்ற எண்ணிக்கைகளைப் பார்க்கும்போது எனக்கு 19 என்றுதான் படுகிறது. மேலும் கீழுமாகக் கூட்டினால் உமது நான்காம் சோடி 61. 42உடன் 19ஐக் கூட்டினாலும் 61. இரண்டு ஷாப்டுக்கும் இடையிலுள்ள தூரம் மாறாததால், ஒரே அளவுப் பல் வெட்டிய சோடிகளின் கூட்டுத்தொகை பெரும்பாலும் கிட்டக்கிட்ட நிற்கும். முதல் கியரின் கூட்டுத்தொகை 57க்கு இறங்குவது அதன் பற்கள் தடித்தவை என்பதால். ஆனாலும் சுற்றிப் பார்த்து உறுதி செய்யும். என் ஊகத்தை நம்பிப் பணத்தைக் கட்ட வேண்டாம்.

19 என்று வந்தால், முதற்படி 42ஐ 19ஆல் வகுக்க 2.21. முதல் கியர்: 44ஐ 13ஆல் வகுத்து 2.21ஆல் பெருக்க 7.48. இரண்டாவது 4.00. மூன்றாவது 2.53. நான்காவது 1.54. ஐந்தாவதில் முன் ஷாப்டும் மெயின் ஷாப்டும் நேராகப் பூட்டிக்கொள்கின்றன. சோடி இல்லாமல் போனது அதனால்தான். விகிதம் 1.00.

இப்போது எண்களைப் பாரும். இரண்டாவதிலிருந்து மேலே ஒவ்வொரு கியரும் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலான இடைவெளியில் ஏறுகிறது. முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் மட்டும் 1.87 மடங்கு. அந்த முதல் கியர் தார் வீதிக்காக வைத்ததல்ல. நெல் மூட்டைகளுடன் வயலை விட்டு வெளியேற, குளக்கட்டின் சரிவில் ஏற வைத்தது. மாமா அதில் எத்தனை தடவை சேற்றிலிருந்து லொறியைப் பிடுங்கினார் என்பதற்கு உடைந்த பல்லே சாட்சி.

பெட்டி யாருடையது என்று இப்போது ஓரளவு ஊகிக்கலாம். டாட்டா 1954இல் ஜேர்மனியின் டைம்லர் பென்ஸுடன் ஒப்பந்தம் செய்து 1969 வரை அவர்களோடு லொறி கட்டியது. பழைய பென்ஸ் தகட்டில் ஜீ 3/60-5/7.5 என்பது போல எழுதியிருக்கும். அதில் 60 என்பது தாங்கக்கூடிய முறுக்கு விசை, 5 என்பது முன்னோக்கிய கியர்கள், கடைசியில் நிற்கும் 7.5 முதல் கியரின் விகிதம். உமது ஐந்தும் 7.48உம் அந்தக் குடும்பச் சாயலில்தான் இருக்கின்றன. ஜேர்மன் கியர்பொக்ஸ் கொம்பனியான இசட்.எஃப்.இன் தகட்டில் எஸ்6-36 என்று வந்தால் எஸ் என்பது சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் வளைய அமைப்பு), 6 முன்னோக்கிய கியர்கள், 36 முறுக்கு விசை. உம்முடையது ஐந்து கியர் என்பதால் அது இல்லை. ஆனால் சாயல் ஒத்துப்போவதால் பல்லும் ஒத்துப்போகும் என்று எடுத்துவிடக் கூடாது. அதே 7.48ஐ வேறு பற்களாலும் வரவழைக்கலாம். 44க்கு 13 என்று சோடியாகச் சொல்லி வாங்கும். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டாம். கீழே உள்ள 13 பல் சக்கரம் பல பெட்டிகளில் கவுண்டர் ஷாப்டோடு சேர்த்தே வெட்டப்பட்டிருக்கும். அப்படியானால் ஷாப்ட் முழுவதையும் வாங்க வேண்டும். மனதைத் தயார்படுத்திக்கொள்ளும்.

உடைந்த சக்கரத்தை எண்ணும்போது உடைந்த பல்லின் அடியையும் ஒன்றாகக் கணக்கில் எடுத்தீரா? 13 என்பதை இன்னொரு தடவை பார்த்துவிடும். பஸ் ஏறும்போது உடைந்த சக்கரத்தையும் சாக்கில் கட்டிக்கொண்டு போம். கடைக்காரர் பல்லின் தடிப்பு, சரிவு, அகலம் மூன்றையும் வைத்துப் பார்க்க வேண்டும். கைப்பேசிப் படத்தில் சரிவு தெரியாது.

கேள்வி: பின்னோக்கிய கியரில் இடையில் மூன்றாவதாக ஒரு சிறு சக்கரம் இருக்கிறது. விகிதம் கணக்கிடும்போது அதன் பற்களையும் சேர்க்க வேண்டுமா? இன்னொன்று: பின் அச்சில் 42க்கு 6 என்று வைத்தால் சரியாக 7 வருமே, ஏன் 41க்கு 6 என்று வெட்டிக் கணக்கைச் சிக்கலாக்குகிறார்கள்?
– மோட்டார் தொழில்நுட்பம் படிக்கும் மாணவி, கிளிநொச்சி

பதில்: பிள்ளை, இரண்டும் நல்ல கேள்விகள். முதலாவதை ஒரு தாளில் எழுதிப் பாரும். ஒரே இடைச் சக்கரம் என்றால், முதல் வகுத்தலில் அதன் பற்கள் மேலே நிற்கும், அடுத்த வகுத்தலில் கீழே நிற்கும், வெட்டுப்பட்டுப் போய்விடும். அது சுழற்சியின் திசையை மாற்றுவதற்காக மட்டும் இருக்கிறது. பரீட்சையில் அதன் பற்களைக் கொடுத்து ஏமாற்றுவார்கள், கவனம். ஒரே அச்சில் இரண்டு அளவுச் சக்கரங்கள் சேர்ந்திருந்தால் மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு விடை தேய்மானத்தில் இருக்கிறது. 42க்கு 6 என்று வைத்தால், சிறு சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் பெரிய சக்கரத்தின் அதே ஏழு பற்களைத்தான் வாழ்நாள் முழுவதும் கடிக்கும். ஒரு பல்லில் சிறு கீறல் விழுந்தால் அந்த ஏழும் கெடும். 41க்கும் 6க்கும் பொதுக் காரணி இல்லை. அதனால் சிறு சக்கரம் 41 தடவை சுற்றி முடிவதற்குள் அதன் ஒவ்வொரு பல்லும் பெரிய சக்கரத்தின் எல்லாப் பற்களையும் ஒரு தடவை சந்தித்துவிடும். தேய்மானம் எல்லாவற்றிலும் ஒரே சீராகப் பகிரப்படும்.

இதிலிருந்து கராஜில் ஒரு பயன் உண்டு. யாராவது பின் அச்சு "சரியாக ஏழு" என்று சொன்னால் சந்தேகப்படும். 41ஐ 6ஆல் வகுத்து வரும் 6.83ஐ வாயால் ஏழாக்கியிருப்பார்கள்.

கேள்வி: வவுனிக்குளம் பக்கமிருந்து வவுனியாவுக்கு நெல் ஏற்றுகிறேன். நான்கு கியர் லொறி என்று சொல்லித்தான் விற்றார்கள். குமிழில் இருந்த படம் அழிந்துவிட்டது. வயலில் யானைபோல இழுக்கிறது. ஆனால் ஏ9இல் நான்காவது கியரில் எஞ்சின் அலறுகிறது, டீசலும் குடிக்கிறது. கிலோமீற்றர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 72 விநாடி எடுக்கும்போது மீற்றரில் 2700 சுற்றுக் காட்டுகிறது. பின் அச்சைத் திறந்தபோது 41உம் 6உம் எண்ணினேன். ரயர் 10.00-20. பின் அச்சை மாற்றினால் சரியாகுமா?
– சாரதி, மல்லாவி

பதில்: அச்சில் கை வைக்க வேண்டாம், அண்ணை. நீங்கள் தந்த எண்களிலேயே விடை இருக்கிறது.

கிலோமீற்றருக்கு 72 விநாடி என்றால் மணிக்கு 50 கிலோமீற்றர்; நிமிடத்துக்கு 833 மீற்றர். உங்கள் ரயர் சுமையோடு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 3.2 மீற்றர் உருளும். ஆகவே சில்லு நிமிடத்துக்கு 260 தடவை சுற்றுகிறது. எஞ்சின் 2700. ஒன்றை மற்றதால் வகுத்தால் 10.4. இது கியர்பொக்ஸும் பின் அச்சும் சேர்ந்த மொத்த விகிதம். அதில் பின் அச்சின் பங்கு 41ஐ 6ஆல் வகுத்த 6.83. மீதி கியர்பொக்ஸின் பங்கு: 1.52.

நான்கு கியர் லொறியின் கடைசிக் கியர் நேர்க் கியராக, 1.00 ஆக இருக்க வேண்டும். உங்களுடையது 1.52. மேலே புதுக்குடியிருப்புத் தம்பியின் ஐந்து கியர்ப் பெட்டியில் நான்காவது எவ்வளவு என்று பாருங்கள்: 1.54. இடையிலுள்ள வித்தியாசம் மீற்றர் ஊசியின் தள்ளாட்டத்துக்குள் அடங்கிவிடும். உங்கள் லொறிக்கு ஐந்தாவது கியர் ஒன்று இருக்கிறது என்றே நினைக்கிறேன். விற்றவரும் அதைக் கண்டிருக்கமாட்டார்.

உறுதி செய்வது சுலபம். எஞ்சினை நிறுத்தி, முன் சில்லுகளுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, பின் சில்லு ஒன்றை ஜக்கில் உயர்த்தி, அடியில் தாங்கி கொடுங்கள். வெறும் ஜக்கை நம்பி லொறிக்குக் கீழே யாரும் படுக்கக் கூடாது. கைப்பிரேக்கை விடுங்கள். ஒவ்வொரு கியரிலும் போட்டு, எஞ்சினின் முன்னாலுள்ள கிராங்க் புல்லியை இரும்புக் கம்பியால் நெம்பித் திருப்பி, பின் அச்சுக்குப் போகும் புரொப்பெலர் ஷாப்ட் எத்தனை தடவை சுற்றுகிறது என்று பாருங்கள். முன்னால் நுழையும் ஷாப்டும் பின்னால் வெளியேறும் ஷாப்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கும் இந்த மாதிரிப் பெட்டியில், எந்தக் கியரிலும் ஒன்றுக்கு ஒன்று சுற்றாவிட்டால் ஐந்தாவது எங்கோ ஒளிந்திருக்கிறது.

ஒளிந்திருக்கும் இடம் பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே. கபின் எஞ்சினுக்கு மேலே இருக்கும் லொறிகளில் லீவருக்கும் பெட்டிக்கும் இடையில் நீளமான கம்பியும் மூட்டுகளும் உண்டு. அவற்றின் புஷ் தேய்ந்தால் லீவர் பக்கவாட்டில் போக வேண்டிய தூரம் போகாது. கடைசி வரிசைக்கு எட்டாமல் நின்றுவிடும். புஷ்களை மாற்றி, கம்பியின் நீளத்தைச் சரிபார்த்துவிட்டு மறுபடி தேடுங்கள். ஐந்தாவது கிடைத்தால் அதே 50இல் எஞ்சின் 1800க்குக் கீழே இறங்கிவிடும்.

பின் அச்சு பற்றிக் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 37க்கு 6 உள்ள அச்சு, அதாவது 6.17, போட்டால் நேர்க் கியரில் 60 கிலோமீற்றர் வேகத்தில் 200 சுற்றுத்தான் குறையும். அதற்கு ஈடாக வயலில் இழுவை பத்தில் ஒரு பங்கு போய்விடும். வவுனிக்குளத்து வயல் வாய்க்காலில் அந்தப் பத்தில் ஒரு பங்குக்காக உழவு இயந்திரம் கூப்பிட வேண்டி வரும். நானாக இருந்தால் 6.83ஐயே வைத்துக்கொள்வேன்.

அச்சைத் திறக்காமல் அளக்க விரும்புபவர்களுக்கு: கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின் சில்லை மட்டும் உயர்த்திப் பத்துத் தடவை சுற்றி, புரொப்பெலர் ஷாப்டை எண்ணுங்கள். மற்றச் சில்லு தரையில் நிற்பதால் இரு பின் சில்லுகளுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் பாதியைத்தான் காட்டும். எண்ணியதை இரண்டால் பெருக்க வேண்டும். 41க்கு 6 என்றால் 34 சுற்றும் கொஞ்சமும் வரும். 37க்கு 6 என்றால் 31க்குச் சற்றுக் குறைவு. பலர் இரண்டால் பெருக்க மறந்து "மூன்று புள்ளி நான்கு அச்சு" என்று எழுதி அனுப்புகிறார்கள்.

கேள்வி: வீதி வேலைக்கு வந்து கைவிடப்பட்ட பெரிய இழுவை லொறி ஒன்றை ஏலத்தில் எடுத்தோம். லீவர் குமிழில் மேலும் கீழும் தள்ளும் பொத்தான் இருக்கிறது. தகட்டில் ஃபுல்லர் ஆர்.ரி.ஓ. 9513 என்று வாசிக்க முடிகிறது. உள்ளே இரண்டு கவுண்டர் ஷாப்ட்கள். விகிதத்தை எப்படிக் கணக்கிடுவது? இரண்டாக இருப்பதால் இரட்டிப்பாக்க வேண்டுமா?
– வாசகர்கள், நெடுங்கேணி

பதில்: தகடு தப்பிய லொறி! பூசை போடுங்கள்.

ஆர் என்பது ரோட்ரேஞ்சர் என்ற வியாபாரப் பெயர். ரி என்றால் இரட்டைக் கவுண்டர் ஷாப்ட். ஓ என்றால் ஓவர்டிரைவ், அதாவது கடைசிக் கியரில் எஞ்சினைவிடப் புரொப்பெலர் ஷாப்ட் வேகமாகச் சுற்றும். விகிதம் ஒன்றுக்குக் கீழே. ஓ இல்லாமல் ஆர்.ரி. என்று மட்டும் இருந்தால் கடைசிக் கியர் நேர்க் கியர். முதல் இலக்கம் 9 என்பது முறுக்கு விசையைக் குறிக்கும். 950 இறாத்தல்-அடி, நம் கணக்கில் சுமார் 131 கிலோகிராம்-மீற்றர். கடைசி இரண்டு இலக்கம் முன்னோக்கிய கியர்கள்: 13.

இரட்டிப்பாக்க வேண்டாம். இரண்டு கவுண்டர் ஷாப்ட்களும் ஒரே வேலையை இரண்டு பக்கமும் பகிர்ந்து செய்கின்றன. பல்லின் மீது விழும் சுமை பாதியாகிறதே தவிர விகிதம் மாறாது. ஒரு பக்கத்தை மட்டும் எண்ணினால் போதும்.

இந்தப் பெட்டி ஒன்றுக்குப் பின் ஒன்றாக வைத்த இரண்டு பெட்டிகள். முன்னதில் லீவரின் இடங்கள். பின்னதில் பொத்தானால் மாறும் தாழ் நிலையும் உயர் நிலையும். எனவே பதின்மூன்று கியரையும் தனித்தனியே அளக்கத் தேவையில்லை. லீவரை ஓர் இடத்தில் வைத்துத் தாழ் நிலையில் ஒரு தடவை, உயர் நிலையில் ஒரு தடவை சுற்றி எண்ணுங்கள். ஒன்றை மற்றதால் வகுத்தால் பின்பெட்டியின் விகிதம் கிடைக்கும். அது லீவரின் எல்லா இடத்துக்கும் ஒன்றே. தாழ் நிலையில் மீதி இடங்களை அளந்து அந்த விகிதத்தால் வகுத்தால் உயர் நிலைக் கியர்கள் வந்துவிடும். சரிபார்ப்பதற்கு இன்னும் ஓர் இடத்தில் இரண்டு நிலையையும் சுற்றிப் பாருங்கள். வேறு எண் வந்தால் எண்ணியவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டு எண்ணியிருக்கிறார். உயர் நிலைக் கியர்களைப் பிரிக்கும் ஓவர்டிரைவுக்கும் இதே வழி. நிலை மாற்றுவது காற்றழுத்தம் என்பதால், காற்று இல்லாமல் பொத்தானைத் தள்ளிவிட்டு மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. பிரித்தால், இரண்டு கவுண்டர் ஷாப்ட்களையும் நடுச் சக்கரத்தோடு பல் பார்த்து, குறி வைத்துத்தான் மறுபடி பூட்ட வேண்டும். ஒரு பல் தவறினாலும் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று சண்டை பிடித்து இறுகும். அதைக் கையால் சுற்றிப் பார்க்காமல் எஞ்சினில் பூட்டி ஸ்டார்ட் கொடுப்பவரிடம் பெட்டியை ஒப்படைக்காதீர்கள்.

கேள்வி: மாசி பெர்குசன் 35 உழவு இயந்திரத்தில் எத்தனை கியர்? ஆறு என்றும் மூன்று என்றும் சொல்கிறார்கள்.
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: இரண்டும் சரி. மூன்று இடம், தாழ்வும் உயர்வும் என்று இரண்டு நிலை. முன்னோக்கி ஆறு, பின்னோக்கி இரண்டு.

கேள்வி: கியர்பொக்ஸுக்கு ஜீ.எல்.5 ஒயில் ஊற்றலாமா? அதுதான் உயர்ந்த தரம் என்று கடையில் சொன்னார்கள்.
– வாசகர், மாந்தை கிழக்கு

பதில்: எண் பெரியது என்பதால் எல்லா இடத்துக்கும் உயர்ந்ததாகிவிடாது. ஜீ.எல்.5இல் உள்ள கந்தகக் கலவை பின் அச்சின் சறுக்கும் பற்களைக் காக்க வைத்தது. பித்தளை, வெண்கலச் சிங்க்ரோ வளையம் உள்ள கியர்பொக்ஸில் அது நாளடைவில் வளையத்தை அரிக்கலாம். அங்கே ஜீ.எல்.4. பின் அச்சுக்கு ஜீ.எல்.5. இரண்டுக்கும் ஒரே கான் வாங்கிச் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கேள்வி: என் கணவர் பழைய கியர்பொக்ஸ் ஒன்று வாங்க முன்பணம் கொடுக்கப் போகிறார். அவருக்கு இயந்திரம் தெரியாது, விற்பவர் நன்றாகப் பேசுகிறார். எங்கள் லொறியில் முன்பு இருந்தது முதல் கியர் 7.5, நேர்க் கியர் 1 என்று பழைய புத்தகத்தில் எழுதியிருக்கிறது. போய்ப் பார்க்கும்போது நானே என்ன செய்து பார்க்கலாம்?
– குடும்பத் தலைவி, விசுவமடு

பதில்: தங்கச்சி, ஒரு சோக்குக் கட்டி, ஒரு பழைய துணி, ஒரு கொப்பி போதும். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சுற்றுவதற்குப் பலம் வேண்டும்.

பெட்டி தரையில் இருக்கட்டும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஷாப்டிலும் பின்னாலுள்ள வட்டத் தட்டிலும் மேல்நோக்கி ஒவ்வொரு கோடு போடுங்கள். முதல் கியரில் போடச் சொல்லுங்கள். கணவர் முன் ஷாப்டைத் துணியால் பிடித்துச் சுற்றட்டும். நீங்கள் பின் தட்டைப் பார்த்துக்கொண்டிருங்கள். பின் தட்டு இரண்டு முழுச் சுற்று வரும்போது முன் ஷாப்ட் 15 சுற்று வந்திருந்தால் உங்கள் 7.5 அது. 13 அல்லது 17 என்றால் வேறு பெட்டி. விற்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் முன்பணம் வேண்டாம். பிறகு கடைசிக் கியரில் போட்டுச் சுற்றுங்கள். இரண்டு கோடும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வர வேண்டும். பின் கோடு முந்திக்கொண்டு ஓடினால் அது ஓவர்டிரைவ் பெட்டி. உங்கள் பின் அச்சோடு சுமையில் இழுக்காமல் திணறும்.

விகிதம் சரியாக இருந்தால் அடுத்தது ஒயில். அடி அடைப்பானைக் கழற்றிக் கொஞ்சம் ஒயிலை வெள்ளைத் துணியில் விடச் சொல்லுங்கள். மெல்லிய சாம்பல் பூச்சுப் பரவாயில்லை. மினுங்கும் மஞ்சள் தூள் அதிகமாக இருந்தால் சிங்க்ரோ வளையங்கள் கரைகின்றன. விரலில் குத்தும் இரும்புச் சில்லம் வந்தால் பல் உடைந்திருக்கிறது. பால் கலந்தது போல இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது; வெள்ளத்தில் நின்ற லொறியின் பெட்டி அப்படித்தான் இருக்கும், அதன் பேரிங்குகளையும் நம்ப முடியாது. ஒயிலே இல்லாமல் காய்ந்து கழுவி வைத்திருந்தால், ஏன் கழுவினீர்கள் என்று கேளுங்கள்.

கடைசியாக, பின் தட்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கையில் தட்டுப்படும் அளவுக்கு ஆடினால் விலையைக் குறைத்துப் பேசலாம். முன்பணம் கொடுப்பதென்றால் "முதல் கியர் 7.5, நேர்க் கியர் 1, பொருந்தாவிட்டால் திருப்பி எடுக்கப்படும்" என்று பற்றுச்சீட்டில் எழுதி ஒப்பம் வாங்குங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். பரந்தனிலும் வவுனியாவிலும் பழைய கியர்பொக்ஸுக்குப் பஞ்சமில்லை.